உட்காராத சம்பந்தி

அத்தியாயம் 9

வட்டவளையில் மகளுக்குப் பார்த்த பையன் வீட்டுக்குப் போய், விரித்த பாயில் உட்காராமல், போட்ட இலையைத் தொடாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாரே வீரய்யா கங்காணி, அதன் பலன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரயிலும் பஸ்ஸும் ஏறி லிந்துலைக்கு வந்துவிட்டது.

பையனின் தாய் அம்மாக்கண்ணு முன்கூட்டியே ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். "எங்க வீட்டுல உங்க வீட்டுக்காரருக்கு நிக்கத்தான் நேரம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வாரோம். சொந்த வீட்டுலயாவது அவரு உக்காந்து கை நனைக்கிறாரானு பாக்குறோம். இல்லைன்னா என் மகன் சின்னராசாவுக்கு வேற எடம் பாத்துக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கங்காணியின் மனைவி சண்முகவடிவின் காதில் இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மி முன்னால் உட்கார்ந்தாள், எழுந்தாள். அடுப்பை ஊதினாள். உப்புப் போட்டோமா இல்லையா என்று இரண்டு தரம் சந்தேகப்பட்டு, இரண்டு தரமும் நக்கிப் பார்த்தாள்.

கை நனைப்பது என்றால் அந்தச் சனங்களுக்குச் சும்மா சாப்பாடு இல்லை. பெண்ணைப் பெற்றவனும் பையனைப் பெற்றவனும் ஒரே பாயில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே சட்டியில் ஆக்கியதைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு எழுந்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். உட்காராமல் நின்றால், நீ எனக்குச் சமமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

கங்காணிக்கு அப்படியொரு நினைப்பே கிடையாது. பாவம், அவருக்கு இருந்தது மூலம்.

அடக் கடவுளே, இதைப் போய் யாரிடம் சொல்வது! காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒருநாள் வழுக்கி விழுந்த கணக்கப்பிள்ளைக்கு இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் 'சறுக்கு ஐயா' என்று பேர் வைத்தார்கள். அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பேர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"தெரிஞ்சா அடுத்த நாளே பாட்டாக் கட்டி மலை முழுக்கப் பாடிருவாளுக வடிவு. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு தேயிலை நிரையில நிக்கிறது?" என்று கேட்டு, மாரியம்மன் மேல் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் கங்காணி. பெற்ற மகள் மீனம்மாவுக்குக்கூடத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், மலையில் யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. கங்காணி என்றால் நாள் முழுக்க நிற்கிறவர். நின்றுகொண்டே கொழுந்து எடுக்கிற பெண்களை அதட்டுவார், நின்றுகொண்டே ரொட்டியைக் கடிப்பார், நின்றுகொண்டே பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி குடிப்பார். அவர் உட்கார்ந்திருந்தால்தான் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள்.

ரத்தத்தைக் கண்டு பயந்துபோய், தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவள் வடிவுதான். மருந்து ஐயா அமிர்தநாதன் பார்த்துவிட்டு, பூசுகிற மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஏசத் தொடங்கினார்.

"காலையில என்ன திங்கிற?"

"ரொட்டிங்க. மிளகாய் இடிச்ச கட்டச்சம்பல்."

"மத்தியானம்?"

"ரொட்டிதாங்க. சமயத்துல கருவாடு."

"தண்ணி?"

"சாயத்தண்ணி குடிப்பேங்க."

"நான் தண்ணியைக் கேட்டேன்!"

கங்காணி வடிவின் முகத்தைப் பார்த்தார்.

"அவ முகத்துல என்ன இருக்கு? கூப்பனுக்குக் குடுக்கிற கோதுமை மாவைக் கல்லு மாதிரி தட்டித் தின்னுட்டு, மேல செத்தல் மிளகாயை அள்ளி வச்சா, அது எப்புடி சுகமா வெளியே போகும்? முக்கி முக்கித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்க. மருந்து வலியைத்தான் கொறைக்கும். கீரை, கிழங்கு, பழம், பயறு, குரக்கன், இதெல்லாம் உள்ள போகணும். நெறையத் தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது, போகணும். காரத்தையும் கருவாட்டையும் கொஞ்ச நாளைக்கு மறந்துரு. அப்பவும் ரத்தம் நிக்கலைன்னா ஒளிச்சு வைக்காம என்கிட்ட வா. வேற என்னமும் இருக்கானு பெரிய ஆஸ்பத்திரியில பாக்கணும்."

அன்றிலிருந்து அடுப்படியில் ஒரே சண்டைதான். விடிந்ததும் சாயத்தண்ணிக்கு முன்னால் ஒரு செம்பு வெந்நீர். ரொட்டி போய் குரக்கன் என்கிற கேழ்வரகுக் கூழ் வந்தது. தலவாக்கலைச் சந்தைக்குப் போகிறவர்களிடம் சொல்லி கருணைக்கிழங்கும் பப்பாசிப் பழமும் வாங்கினாள். குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் முளைத்த கீரையை விடவில்லை. பயறு அவித்தாள். படுக்கப் போகுமுன் கையில் வாழைப்பழத்தைத் திணித்தாள்.

"நான் என்ன மாடாடி, இலையும் தழையுமாப் போடுற?" என்று கங்காணி தட்டைத் தள்ளுவார்.

"மாடு என்னிக்காவது முக்கி நீங்க பாத்திருக்கீங்களா? பேசாமச் சாப்புடுங்க" என்பாள் வடிவு.

நடுவில் ஒருநாள், அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கங்காணி ஒரு துண்டுக் கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டார். மறுநாள் பட்ட பாட்டில் தானாகவே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு மனிதர் வாலைச் சுருட்டிக்கொண்டு போட்டதைச் சாப்பிட்டார். இப்போது ரத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் முகம் அஷ்டகோணலாகிவிடும். அது நேராக இன்னும் நாளாகும்.

சம்பந்திக்கு ஏது அவ்வளவு நாள்?

"அம்மா." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மீனம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அப்பாவுக்கு அவங்களைப் புடிக்கலையா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவங்க வீட்டுல போய் மரம் மாதிரி நின்னுட்டு வந்திருக்காரு. புடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லச் சொல்லு. இப்புடி நின்னு அவமானப்படுத்த வேணாம்." கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா வேறெதனாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போன மாசித் திருவிழாவில் சின்னராசாவைப் பார்த்ததிலிருந்து அந்தப் பெண் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தவள். "இன்னிக்கும் அப்பா நின்னாருன்னா, நான் இந்த வீட்டுல சோறு திங்க மாட்டேன். சொல்லிட்டேன்."

வடிவுக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மாரியம்மன் வந்து வழியை மறித்தாள்.

"உக்காருவாரு. நீ வெங்காயத்தை உரி" என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. ஒரே சேவலை இரண்டு சட்டியில் ஆக்கினாள். ஒன்றில் வழக்கம்போல மிளகாய் அரைத்து ஊற்றியது, பார்த்தாலே கண் எரியும். இன்னொன்றில் மிளகாயே இல்லை. மஞ்சள், தேங்காய்ப்பால், புளி விட்டு அவித்த கருணைக்கிழங்கு. இலையில் விழுந்துவிட்டால் இரண்டும் கோழிக்கறிதானே, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? விருந்தாளிக்குச் சிவப்பு, கங்காணிக்கு மஞ்சள். கரண்டி தன் கையில் இருக்கிறவரை பயமில்லை.

கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"மலைக்கு இடுப்புல கட்டுற படங்குச் சாக்கை மடிச்சுப் பாய்க்கு அடியில வைக்கிறேன். மெத்துனு இருக்கும். உக்காந்துருங்க" என்றாள் வடிவு.

"எதுக்கு மேடு கட்டி உக்காந்திருக்கேனு கேக்க மாட்டாங்க? வேணாம்!"

"அப்ப வெறும் பாயில உக்காருங்க."

"மூஞ்சி கோணுச்சுன்னா? இந்தச் சம்பந்தம் ஆகாதுனு மூஞ்சியிலேயே காட்டுறான்னு சொல்ல மாட்டாங்க?"

"உக்காந்தாலும் தப்பு, நின்னாலும் தப்புன்னா நான் என்னதான் செய்யிறது? பறக்கப் போறீங்களா?"

அதற்குள் கீழே ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. பஸ்களை அரசாங்கம் எடுத்த பிறகு நேரத்துக்கு வராது என்று எல்லாரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு வந்து தொலைத்தது.

பையனின் அப்பா செல்லசாமி நெடிய மனிதர், அதிகம் பேசாதவர். பேச்சையெல்லாம் அம்மாக்கண்ணு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, கூரான பார்வை. நல்ல வெயில் நேரத்திலும் தோளில் கறுப்புக் கம்பளி. வடிவு புதுப் பாயைத் தட்டி விரித்தாள். அம்மாக்கண்ணு அந்தப் பாயின் மேல் தன் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

வடிவுக்குத் திக்கென்றது. நம்ம வீட்டுப் பாய்கூட இவளுக்கு ஆகாதா?

சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். "அது வேணாம். சுடுதண்ணி இருந்தாக் குடுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

தேத்தண்ணியும் ஆகாதாம்! போச்சு, முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

இலை போட்டார்கள். செல்லசாமி முதலில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"வாங்க மச்சான்."

"நீங்க உக்காருங்க மச்சான். நான்... நான் பாத்துக்கிறேன்."

"என்னத்தைப் பாக்குறீங்க? சோறு எங்கயும் ஓடிப் போகாது. வாங்க."

கங்காணி ஒரு காலை மடக்கினார். மறுகால் மடங்க மறுத்தது. கதவு நிலையை ஒரு கை தேடியது, பிடித்துக்கொண்டது. வட்டவளையில் நின்ற அதே நிற்பு.

செல்லசாமியின் கை பாயிலிருந்து எழுந்தது. பிறகு அவரும் எழுந்தார். "நீங்க நிக்கிறப்ப நான் எப்புடி மச்சான் உக்காருறது?"

வளர்ந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் வெறும் இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்காம்பரா அறைக்குள் மீனம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சட்டி எங்க இருக்கு?" அம்மாக்கண்ணு எழுந்துவிட்டாள். "என் கையால சோறு போடுறேன். அதுக்கும் உக்காரலைன்னா இப்பவே பஸ்ஸுக்குப் போவோம்."

"மதினி, நான் எடுத்தாரேன், நீங்க இருங்க..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். வடிவு பின்னால் ஓடினாள். ஒரு மூடியைத் திறந்தாள் அம்மாக்கண்ணு. சிவப்பு. பக்கத்து மூடியைத் திறந்தாள். மஞ்சள்.

"இது என்ன?"

வடிவு மூடியை வாங்கிச் சட்டியை மூடப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒரு சட்டி, உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சட்டியா? பாய்தான் ஆகலைன்னு நெனச்சேன். சட்டியுமா ஆகல? எங்களோட ஒண்ணாத் தின்னா உங்க கங்காணி கௌரவம் கொறஞ்சு போயிருமா? இந்தா பாருங்க!" புருஷனைக் கூப்பிட அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

வடிவு பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு பக்கம் மாரியம்மன் மேல் செய்த சத்தியம். இன்னொரு பக்கம் சுவருக்கு அந்தப் புறம் அழுகிற பிள்ளை. ஆத்தா, என்னை மன்னிச்சிரு, நீயும் பொம்பளைதானே.

"அவருக்கு மூலம், மதினி."

"என்னது?"

"மூலம். தரையில உக்காந்தா உசிரு போற மாதிரி வலிக்குது. காரம் தின்னா ரத்தம். வெளிய சொன்னா மலையில பாட்டாக் கட்டிருவாங்கனு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. உங்களை அவமானப்படுத்த இல்ல. என் புள்ளை மேல ஆணையா இல்ல. அவருக்காகத்தான் காரம் இல்லாமத் தனியா ஆக்குனேன்."

சிரிக்கப் போகிறாள் என்று வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. அம்மாக்கண்ணு கையை எட்டி அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ரத்தம் இப்பவும் போகுதா?" குரல் அடியோடு தாழ்ந்துவிட்டது.

"இல்ல. நின்னுருச்சு."

"நின்னுருச்சா? எப்புடி நின்னுச்சு? என்ன ஆக்கிக் குடுத்த?"

மாப்பிள்ளையைப் பெற்ற மிடுக்கு அந்தக் கேள்வியில் இல்லை. வடிவு சொல்லச் சொல்ல, குரக்கனா, கருணையா, எந்தக் கீரை, எவ்வளவு தண்ணி என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. நாலாக மடித்த கம்பளி. சுடுதண்ணி.

"மதினி... உங்களுக்குமா?"

அம்மாக்கண்ணு மஞ்சள் சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சின்னராசா வயித்துல இருக்கையில வந்தது. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. மலையில எங்க போறது, சொல்லு? நிரையை விட்டு எறங்குனா கங்காணி கத்துறாரு. எறங்கக் கூடாதுனு தண்ணியே குடிக்கிறதில்ல. வந்தாலும் அடக்கிக்கிறது. அடக்கி அடக்கியே பழகிப் போச்சு. இப்பல்லாம் ரத்தம் ரொம்பப் போகுது. உடம்பும் உருகிக்கிட்டே வருது."

வடிவின் முகம் சுட்டது. வெளியே நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே ஒரு மனிதர், அவரும் அப்படிக் கத்துகிற கங்காணிதான். அந்தக் குரலுக்குப் பயந்து, அவருக்குக் கீழே கொழுந்து எடுக்கிற அவளே எத்தனையோ நாள் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"மருந்து ஐயாகிட்ட ஒரு தடவை காட்டுங்க மதினி. இவ்வளவு நாளா ரத்தம் போனா சாப்பாடு மட்டும் பத்தாது."

"கல்யாணம் முடியட்டும். நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. மாரியம்மன் மேல சத்தியம் பண்ணு."

முதல் சத்தியத்தை உடைத்து இன்னும் அடுப்புச் சூடுகூட ஆறவில்லை. அதே அம்மன் மேல் இரண்டாவது சத்தியமும் செய்தாள் வடிவு.

அம்மாக்கண்ணு மஞ்சள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். தன் கம்பளியை எடுத்து உதறாமல் இன்னொரு மடிப்பு மடித்து, கங்காணியின் இலைக்கு முன்னால் போட்டாள்.

"லிந்துலைக் குளிரு எங்க வட்டவளையைவிடப் பொல்லாதது. தரை சில்லுனு இருக்கு. இதுல உக்காருங்க அண்ணே."

கங்காணி மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். அவர் ஒரு காலை மடக்கினார். மறுகாலையும் மடக்கினார். உட்கார்ந்தார். முகம் கோணவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது. செல்லசாமியும் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தார்.

அம்மாக்கண்ணு இரண்டு இலைக்கும் மஞ்சள் சட்டியிலிருந்தே போட்டாள். செல்லசாமி ஒரு வாய் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார். "காரம் இல்லையே?"

"ஒரு நாளைக்குக் காரம் இல்லாமத் தின்னா செத்துப் போயிர மாட்டீங்க. சாப்புடுங்க. ஒரே பாய், ஒரே சட்டி."

கீரைக் கடையலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார் கங்காணி. வாழ்க்கையில் முதல் தடவை! உள்ளேயிருந்து மீனம்மா ஈரக் கண்ணோடு எட்டிப் பார்த்தாள். "அத்தை, எனக்கும் போடுங்க" என்று தட்டை நீட்டினாள். அம்மாக்கண்ணு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சோறு போட்டாள். தானும் அதே சட்டியில் போட்டுக்கொண்டு வெறும் பாயில் உட்கார்ந்தாள். உட்காருகையில் அவள் உதட்டைக் கடித்ததைப் பார்த்தவள் வடிவு ஒருத்திதான்.

தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடிந்தது. வெற்றிலை போட்டார்கள். கங்காணி கம்பளியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உட்கார முடிந்த சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்த பிறகுதான் எல்லாரும் அலறியடித்து எழுந்தார்கள். "வாரோம் மதினி, வாரோம் அண்ணே" என்று ஓடிய ஓட்டத்தில் கம்பளியை மறந்து போனாள் அம்மாக்கண்ணு.

"அடடா, கம்பளியை விட்டுட்டாங்களே!" கங்காணி அதை எடுத்து உதறினார். மடிப்பு விரிந்தது. உள்மடிப்பில் கையகலத்துக்குச் சிவப்பு. இன்னும் ஈரம் காயாத சிவப்பு.

அவர் முகம் வெளுத்துப் போனது. "வடிவு! நின்னுருச்சுன்னியே. நின்னுருச்சுன்னியேடி! சம்பந்தியம்மா கம்பளியில போயி... ஐயோ, என் மானம் போச்சே!"

வடிவு கம்பளியைப் பிடுங்கிப் பார்த்தாள். ரத்தம் உள்மடிப்பில்தான் இருந்தது. கங்காணியின் வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மனிதருக்கு அதைப் பார்க்கிற நிதானம் எங்கே?

"கீரையாம், கிழங்காம், கூழாம்! எல்லாம் வீண். இனி எனக்குப் பத்தியமும் வேணாம் ஒண்ணும் வேணாம். எப்புடியும் போகப் போறது, ருசியாத் தின்னுட்டாவது போறேன்." அவர் அடுப்படிக்குள் புகுந்து, யாரும் தொடாத சிவப்புச் சட்டியின் மூடியைத் திறந்துவிட்டார். கரண்டியைத் தேடினார்.

"அது உங்க ரத்தம் இல்லைங்க."

கங்காணி திரும்பினார். "பின்ன யாரோடது?"

இரண்டாவது சத்தியம் இருக்கிறது, வடிவின் வாயில் பேர் வரக் கூடாது. கம்பளியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாக அவரிடம் கேட்கத் துணியாததைக் கேட்டாள்.

"நாளைக்கு மலையில ஒரு பொம்பளை நிரையை விட்டு எறங்குனா, கத்துவீங்களா?"

கங்காணி அவளைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். வெளியே, வளைவில் பஸ் கியர் மாற்றி ஏறுகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அவர் கையிலிருந்த மூடி மெதுவாகச் சட்டியின் மேல் திரும்பிப் போய் உட்கார்ந்தது.

அவர் கத்துவாரா மாட்டாரா என்பது நாளைக்கு மலையில்தான் தெரியும். விடிந்தால் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிப்பார்கள். வடிவு கூடையை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் அதே நிரையில் போய் நிற்க வேண்டும்.